ஒத்துக்காது

டிரைவிங் மாஸ்டரின் மனைவிக்கு உலகத்தில் பாதி விஷயங்கள் ஒத்துக்காது. தலைக்கு நேராகச் சுற்றும் ஃபேன் ஒத்துக்காது. எலுமிச்சை வாசனை போட்டுத் தரை துடைத்தால் ஒத்துக்காது. லிஃப்ட் ஒத்துக்காது என்பதால் நாலு மாடியானாலும் படியேறித்தான் போவாள். பேருந்தில் பின்னோக்கிப் பார்த்திருக்கும் சீட்டு, புதுச் சுவரின் பெயின்ட் வாடை, மத்தியானத் தூக்கம், கணவனின் அக்கா என்று வரிசை நீண்டுகொண்டே போகும். நாத்தனார் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். மற்றவை தினமும் எதிர்ப்படுகிறவை. அதனால் அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைக் காதில் வாங்குவதில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன மகள், அம்மா போனில் எதையும் ஒத்துக்காது என்று சொல்லாத நாளில்தான் "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்பாள்.

ஆனால் கடையில் அவள் வேறு ஆள். கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பல வருஷமாக ஃபிரேம் பொருத்தித் தருகிற வேலை. வாங்கிப்போன கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவந்து "சரியில்லை" என்று யாராவது சொன்னால் விடமாட்டாள். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் வழுக்குகிறதா, படியிறங்கும்போது தரை எழும்பி வருகிறதா, படிக்கும்போதா, நடக்கும்போதா என்று கேட்டுக்கொண்டே போவாள். வந்தவருக்கே தன் தொல்லை என்னவென்று அப்போதுதான் தெரியவரும். முதலாளிக்கு அவளிடம் பயம் கலந்த மரியாதை உண்டு.

அந்த வருஷம் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்ட பிறகு வரும், முதுகு வரை போகும். சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வீட்டிலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் கடையிலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டதும் முதலாளி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். நாள் குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானமே சேர்ந்துவிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப்போட்ட ஒரு அம்மா இருந்தாள், சதா எதையாவது நறுக் நறுக்கென்று மென்றுகொண்டு. சாயங்காலம் கேள்வி கேட்க ஒரு இளம் டாக்டர் வந்தாள். பெரிய டாக்டர்கள் வருவதற்கு முன்னால் எல்லா விவரமும் எழுதி வைக்கிற வேலை அவளுடையது. முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்பது அவள் தலைமுடியைப் பார்த்தாலே தெரிந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?"

"இல்ல. ஒரு பிரசவம், அதுவும் சுகப்பிரசவம்."

"சுகர், பிரஷர்?"

"அதெல்லாம் இல்ல."

"ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி கொஞ்ச நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அவளோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"இருமல் மருந்து ஒண்ணு, ஆரஞ்சு கலர்ல இருக்கும், அது ஒத்துக்காது. தலைவலிக்குப் போடுற வெள்ளை மாத்திரை ஒத்துக்காது. பிளாஸ்திரி ஒத்துக்காது. அப்புறம் இங்க தரை துடைக்கிறாங்களே, அந்த எலுமிச்சை வாசனை."

"அது மருந்து இல்லம்மா."

"மருந்து ஊத்தித்தானே துடைக்கிறாங்க. ஃபேன் நேரா அடிச்சா ஒத்துக்காது. பல்லு பிடுங்கினப்ப ஒரு கேப்சூல் குடுத்தாங்க, சிவப்பும் மஞ்சளுமா, அது சுத்தமா ஒத்துக்கல. இப்ப என்னை லிஃப்ட்ல வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க பாருங்க, அதுவே எனக்கு..."

"டாக்டர், இவளுக்கு நானே ஒத்துக்கல," என்றார் மாஸ்டர் ஜன்னலிலிருந்து. "ஏதோ இத்தனை வருஷமா ஓட்டிட்டு இருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு அது முதல் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்துக் கட்டில் அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மாஸ்டரின் மனைவியும் சிரித்தாள். அது பழைய ஜோக்தான், சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது. ஆனால் புது ஆளுக்கு முன்னால் சொல்லும்போது அதற்குக் கொஞ்சம் உயிர் வந்துவிடும். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மறுநாள் காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பச்சை அங்கி கொடுத்தார்கள், வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டி டிரிப் ஏற்றினார்கள். தியேட்டருக்குக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிஸ்டர் வந்து, சின்ன பாட்டில் ஒன்றை அந்த டிரிப்போடு இணைத்தாள்.

"இது என்ன சிஸ்டர்?"

"கிருமி எதுவும் வராம இருக்கறதுக்கு."

"எனக்கு ஒத்துக்குமா?"

"எல்லாருக்கும் போடுறதுதான்மா," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த அறைக்குப் போனாள். பொய் இல்லை. எல்லோருக்கும்தான் போடுகிறார்கள்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க. ஒத்துக்கல."

மாஸ்டர் தலையைத் தூக்காமலே எழுந்தார். சுவருக்குப் போய் ஃபேனை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடினார்.

"ஏங்க," என்றாள் அவள் மறுபடி. இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

மாஸ்டர் பார்த்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் போர்வையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிவப்புத் திட்டுகள். கீழுதடு வேறு யாருடையதோ போலத் தடித்திருந்தது. மூச்சை இழுக்கும்போது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம்.

மாஸ்டர் தாழ்வாரத்துக்கு ஓடினார். முனையில் இருந்த மேஜைக்குப் பின்னால் வேறொரு சிஸ்டர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அவளுக்கு ஒத்துக்கல."

"எந்த ரூம் சார்?"

"கடைசி ரூம். ஒத்துக்கல."

"ஏசி ஜாஸ்தியா இருந்தா ரிமோட்ல குறைச்சுக்கலாம் சார்."

"ஏசி இல்ல அந்த ரூம்ல."

"அப்ப என்ன ஒத்துக்கல?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அந்தச் சொல்லைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. வருஷக்கணக்காக அந்த வீட்டில் அது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தது. பிறகு அவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

"உதடு வீங்குது. மூச்சு விட முடியல. விசில் அடிக்குது."

சிஸ்டர் போனை வைக்கவில்லை, அது தோளிலிருந்து அப்படியே விழுந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கிருந்தோ நாலைந்து பேர் வந்தார்கள். டிரிப்பை நிறுத்தினார்கள், காலைத் தூக்கி வைத்தார்கள், தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியபோது மாஸ்டரும் கூடவே ஓடினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. பயிற்சி வண்டியில் அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. இங்கே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டார்கள்.

அங்கே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு அந்தக் கேப்சூல் ஞாபகம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அவர் நாலு பேரை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது மனைவியின் முகம் உப்பியிருந்தது. பல்லுக்குக் கொடுத்த கேப்சூல் ஒத்துக்கவில்லை என்றாள். "அப்ப போடாத," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். நல்ல யோசனைதான். அவளும் அதன்பிறகு போடவில்லை. நாலு பேரில் மூன்று பேர் டெஸ்ட்டில் தேறிவிட்ட சந்தோஷம் அவருக்கு. அன்றைக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.

பிழைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. மறுபடி வரக்கூடும் என்பதால் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டுப் பழைய அறைக்கே அனுப்பினார்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். மகள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தாள்.

மாஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளே ஆரம்பித்தாள்.

"எனக்கு மூச்சு முட்டுது. நீங்க எழுந்து போய் ஃபேன நிறுத்துறீங்க."

"ஃபேனுன்னு நினைச்சேன்."

"நினைப்பீங்க."

பிறகு மாஸ்டர் சொன்னார், "அந்த கேப்சூல் பத்தி நீ அப்பவே என்கிட்ட சொன்ன. நான்தான் கேட்டுக்கல."

"கேட்டுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் மறுபடி சொல்லல?"

"எத்தனை தடவைதான் சொல்றது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அவருக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் நிரம்பியிருந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் ஃபேன் கதையைச் சொன்னாள். கடை முதலாளியிடம் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னாள். மருந்தைப் பற்றி ஒரு வாக்கியம்தான் வரும். ஃபேனைப் பற்றி விரிவாக வரும், சுவிட்ச் எந்தச் சுவரில் இருந்தது என்பது உட்பட. மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஆப்பிள் பை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

"ஒரு எதிர்பாராத நிகழ்வு நடந்துடுச்சு. அதுக்காக நிர்வாகம் வருந்துதும்மா."

"யாருக்கு நடந்துச்சு?" என்றாள் அவள்.

"உங்களுக்குத்தான்மா."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். முறைப்படி விசாரணை நடப்பதாகவும், முடிந்ததும் முறைப்படி தெரிவிக்கப்படும் என்றும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆப்பிள் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவும் மகளும் சாப்பிட்டார்கள்.

"நாளைக்கே வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம்," என்றாள் மகள் கத்தியைக் கழுவிக்கொண்டே. "இவங்க மேல புகார் குடுக்கணும்."

அன்று சாயங்காலம் இளம் டாக்டர் வந்தாள். வெள்ளை கோட்டு இல்லை, தோளில் பை மாட்டியிருந்தாள், வீட்டுக்குப் போகிற வழியில் வந்திருப்பதுபோலத் தெரிந்தது. கதவருகே நின்று மூன்று பேரையும் பார்த்தாள்.

"உள்ள வரலாமா?"

மாஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். வந்தாள்.

"ஒத்துக்காத மருந்து எதுவும் இல்லைன்னு எழுதினது நான்தான்."

"நான் சொன்னேனே," என்றாள் மாஸ்டரின் மனைவி.

"சொன்னீங்க. ஃபேனுக்கும் லிஃப்டுக்கும் நடுவுல சொன்னீங்க. என் காதுல விழுந்துச்சு. ஆனா அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரே மூட்டையில போட்டுக் கட்டிட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்கம்மா."

பக்கத்துக் கட்டில் அம்மா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"நீங்க இப்படி வந்து சொல்லலாமா? உங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் மகள்.

"தெரியல," என்றாள் டாக்டர். "கேக்காம வந்துட்டேன்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், அந்த நேரம் பார்த்து நான் அந்த ஜோக் சொல்லாம இருந்திருந்தா..."

"நல்ல ஜோக் சார். அதான் சிரிச்சுட்டேன். சிரிச்சு முடிச்சதும் திரும்பப் போய் அந்த கேப்சூல் பத்திக் கேட்டிருக்கணும். அது என் வேலை, உங்க வேலை இல்ல."

மாஸ்டருக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவர் தலையாட்டினார்.

மாஸ்டரின் மனைவி டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மகளைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும்.

"அந்த ஸ்டூலப் போட்டு உக்காரு," என்றாள்.

டாக்டர் உட்கார்ந்தாள். "நேத்திக்கு முந்தின நாள் கேட்டதையே மறுபடி கேக்கட்டுமாம்மா? ஒவ்வொண்ணா கேக்கறேன். நீங்க சொன்னதும், அதனால உங்களுக்கு என்ன ஆகும்னு கேப்பேன். அவ்வளவுதான்."

"கேளு."

"ஆரஞ்சு கலர் இருமல் மருந்து. குடிச்சா என்ன ஆகும்?"

"தூக்கம் தூக்கமா வரும்."

"அது குடிச்சா எல்லாருக்குமே வரும்மா."

"அப்படியா," என்றாள் அவள், சற்று ஏமாற்றத்தோடு.

"தலைவலி மாத்திரை?"

"வயிறு எரியும். வெறும் வயித்துல போட்டா ரெண்டு நாள் எரியும்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டாள். "பிளாஸ்திரி?"

"தோல் செவந்து கொப்பளம் வரும்."

டாக்டர் எழுந்து, டிரிப் ஊசிக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தோல் செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு சின்னக் கொப்பளங்கள்கூட. சிஸ்டரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னாள். மகள் அம்மாவின் கையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"எலுமிச்சை வாசனை?"

மாஸ்டரின் மனைவி யோசித்தாள். கடையில் மற்றவர்களை யோசிக்க வைத்து அவளுக்குப் பழக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்து யோசிப்பது புதிதாக இருந்தது.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் கடைசியில். "பிடிக்காது."

"ஃபேன்?"

"கழுத்து பிடிச்சுக்கும்."

"லிஃப்ட்?"

"அது வந்து... கதவு மூடினதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கை எல்லாம் வேர்க்கும். எப்படா திறக்கும்னு இருக்கும்."

"லிஃப்ட்ல மட்டுமா? இல்ல, மூடின இடம்னாலே அப்படியா?"

"மூடின இடம்னாலே. போர்வைய முகத்துல இழுத்துப் போட்டாக்கூட."

மாஸ்டர் நிமிர்ந்தார். லிஃப்ட் ஒத்துக்காது என்பது ஒரு சாக்கு, உடம்புக்கு நல்லது என்றுதான் மனைவி படியேறுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். பலரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றாள் டாக்டர். "மயக்கம் குடுக்கும்போது மூக்கு வாயெல்லாம் மூடி மாஸ்க் வைப்பாங்க. முன்னாடியே சொல்லி வெச்சா, வேற மாதிரி பண்ணலாம். வேற?"

"இவர் அக்கா."

டாக்டர் பேனாவை நிறுத்தினாள். பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்போல, "அவங்க வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் தூக்கம் கெடும்."

"அத எழுதறதுக்கு இதுல இடம் இல்லம்மா."

"பரவால்ல. கேட்டியே, அது போதும்."

கேப்சூலைக் கடைசியாகக் கேட்டாள். டிரிப்பில் ஏற்றியதும் அதே வகை மருந்துதான். மாஸ்டரின் மனைவி அந்த நாளைச் சொன்னாள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. நாக்கு தடித்தது. மகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் யாரும் இல்லை. படியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தவளை எதிர்வீட்டு அம்மா பார்த்து, தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்றைக்குச் செத்துப்போயிருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். முகம் உப்பியிருந்ததை மகள் கேட்டபோது பல்வலி என்று சொன்னாளாம்.

மகள் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் போன பிறகு ஆஸ்பத்திரியை மாற்றுகிற பேச்சு மறுபடி வந்தது. மாஸ்டர் மகள் பக்கம்.

"இங்கயேதான் பண்ணிக்கப்போறேன்," என்றாள் அவள்.

"ஏம்மா, இவ்வளவு ஆன பிறகுமா?"

"ஆனதாலதான். வேற இடத்துக்குப் போனா அங்க ஒருத்தி வந்து முதல்லேர்ந்து கேப்பா. உங்க அப்பா மறுபடி ஏதாவது சொல்லுவாரு. இங்க இருக்கறவங்க இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாங்க."

மாற்றுகிற பேச்சு அதோடு முடிந்தது. புகார் மட்டும் கொடுத்தார்கள். மகள் எழுதினாள். அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், அந்த இளம் டாக்டர் வந்து பேசியதற்காக அவளை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று. நிர்வாகம் முறைப்படி பதில் அனுப்பியது. அதில் இரண்டு இடத்தில் "நிகழ்வு" என்றும் ஒரு இடத்தில் "எங்கள் தவறு" என்றும் இருந்தது. ஒரு இடம் கிடைத்ததே பெரிது என்று மகள் சொன்னாள்.

சில வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டினார்கள். அதன்பிறகு அறைக்குள் வந்த ஒவ்வொருவரும், துணி மாற்றிக்கொடுக்க வந்தவர் முதல் பெரிய டாக்டர் வரை, அவளுக்கு என்ன ஒத்துக்காது, என்ன ஆகும் என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்லச் சுருக்கமாகவும் தெளிவாகவும் வந்தது. எலுமிச்சையை அவளாகவே விட்டுவிட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் தாடி வைத்த பெரிய மனிதர். அவளிடம் கேட்டு முடித்துவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். இவங்களுக்கு எது ஒத்துக்காது?"

மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டார். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வந்த பிள்ளைகள் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மருந்தின் பெயரையும் உதடு வீங்குவதையும் மூச்சு முட்டுவதையும் பிளாஸ்திரியையும் மூடின இடத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முந்தின நாள் மகளை போனில் பிடித்து ஒப்பித்துப் பார்த்திருந்தார்.

"ரொம்ப சரி," என்றார் டாக்டர்.

மனைவி அவரைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

தியேட்டரில் மாஸ்கை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்களாம். தானே தூரத்தில் பிடித்து, தானே கிட்டே கொண்டுவந்து மூச்சு இழுத்தாளாம். அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கண் விழித்தபோது ஒரு சின்னக் குப்பியில் கற்களைப் போட்டுக் காட்டினார்கள். மிளகு அளவில் நிறைய. அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடையில் லென்ஸில் கீறல் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாஸ்டர் ஒரு வாரம் வேலைக்குப் போவதில்லை என்று இருந்தார். எங்கே வலிக்கிறது, குத்துகிற மாதிரியா, இழுக்கிற மாதிரியா, சாப்பிட்ட பிறகா, படுத்தாலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்றாம் நாள், "கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்," என்றாள். அவர் வேலைக்குக் கிளம்பினார்.

அன்றைக்கு வந்த மாணவி ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள். நடுத்தர வயது, குள்ளமான உருவம், சீட்டில் மெத்தை ஒன்று போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். முன்னால் ஓட்டுவதில் குறையில்லை. ரிவர்ஸ் என்று வந்தால் மட்டும் வண்டி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவை மதில் சுவர், ஒரு தடவை சைக்கிள் ஸ்டாண்டு.

"சார், எனக்கு இந்தப் பக்கக் கண்ணாடில ஒண்ணும் தெரியல," என்றாள் அவள், பயந்துபோன குரலில். முதல் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னாள். போகப் போகத் தெரியும் என்று மாஸ்டர் அப்போது சொல்லியிருந்தார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார். அவருக்கென்று தனியாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் ரோடு நன்றாகவே தெரியும்.

"ஒண்ணும் தெரியலன்னா," என்றார் மாஸ்டர், "என்ன தெரியுது?"

அவள் பார்த்தாள். "வானம் தெரியுது சார். கரண்ட் கம்பி தெரியுது. அப்பப்ப ஒரு காக்கா."

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அவளை இறங்கச் சொல்லிவிட்டு, சுற்றிவந்து அவள் சீட்டில் உட்கார்ந்தார். ரோடு தெரிந்தது. பிறகு முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும்வரை சரிந்து, தலையை அவள் உயரத்துக்கு இறக்கிப் பார்த்தார். வானமும் கரண்ட் கம்பியும்தான். இத்தனை வகுப்பும் அவள் வானத்தைப் பார்த்துத்தான் ரிவர்ஸ் எடுத்திருக்கிறாள். அந்த நிலையிலேயே கையை வெளியே நீட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்த்தார்.

"நீங்க உக்காந்து பாத்து சொல்லுங்க," என்றார் இறங்கிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் இறக்கணுமா?"

அவள் மெத்தையைச் சரிசெய்து உட்கார்ந்து பார்த்தாள்.

"ஒரு துளிதான் சார். இன்னும் ஒரு துளி."

மாஸ்டர் இறக்கினார்.